பொறியாளர் வேலையை விட்டு ஊழியத்துக்குப் போனால் கல்லூரி முதல்வர் ஆகலாமா?

எனக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தின் சுருக்கம் இது. எழுதியவருக்கு வயது 39. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். இயந்திரவியலில் பி.இ. முடித்து, சென்னையில் ஒரே நிறுவனத்தில் 15 வருடமாக வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். மனைவி அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை, மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்கடன் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது, இன்னும் 11 வருடம் கட்ட வேண்டும். அப்பா கிராமக் கிறிஸ்தவச் சபைகளில் உபதேசியாராக (குருவின் கீழ் ஜெபம் நடத்திப் போதிக்கும் ஊழியர்) இருந்தவர், இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா போனதிலிருந்து சபை ஊழியத்துக்கு, அதாவது குருப்பணிக்கு, போக வேண்டும் என்ற எண்ணம் தன்னை விடவில்லை என்கிறார்.

இதற்கிடையே, ஒரு கல்லூரி நிர்வாகத்தில் செல்வாக்குள்ள பெரியவர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். "பொறியியல் படித்த குருவானவர் கிடைப்பது அபூர்வம். நீங்கள் குருப்பட்டம் வாங்கிவிட்டால் ஐந்து வருடத்தில் நம் பொறியியல் கல்லூரிக்கு உங்களை முதல்வர் ஆக்கிவிடலாம். சிறுபான்மைக் கல்லூரி, அரசு விதி நம்மைக் கட்டாது." கூடவே, கட்டட நிதிக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வாசகர் அதற்கு பி.எஃப். பணத்தை எடுக்க நினைக்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ராஜினாமா கடிதம் தேதி போடாமல் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதம் ஏழு பக்கம். இரண்டு முறை படித்தேன். முதல் ஐந்து பக்கத்தில் 'கல்லூரி' என்ற சொல்லே வரவில்லை. அப்பா சைக்கிளில் மூன்று கிராமத்துக்குப் போய் ஜெபம் பண்ணியது, மழையில் வேதப்புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தது, போன வருடம் உங்கள் சபையில் ஒரு பையன் பரீட்சையில் தோற்று வீட்டைவிட்டு ஓடியபோது நீங்கள் இரண்டு நாள் தேடிக் கூட்டி வந்தது, இவைதான் அந்த ஐந்து பக்கமும். ஆறாம் பக்கத்தில் அந்தப் பெரியவர் வருகிறார். அவர் வந்த பிறகு கடிதத்தில் வயது, பதவி, நாற்காலி, தொகை என்று பேச்சு மாறிவிடுகிறது.

வழக்கறிஞராக என்னிடம் நீங்கள் கேட்டது சட்டக் கேள்விகளை. அவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குருவாக ஆவது ஒரு வழி. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமை ஏற்பது வேறொரு வழி. இரண்டுக்கும் தகுதி வேறு, காலம் வேறு, தேர்ந்தெடுப்பவர்கள் வேறு. உங்களிடம் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பதில்.

குருப்பட்டம் முதல்வர் தகுதி ஆகாது

பொறியியல் கல்லூரி முதல்வருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2019-ல் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. முனைவர் பட்டம் வேண்டும். இளநிலை அல்லது முதுநிலையில் முதல் வகுப்பு வேண்டும். குறைந்தது இரண்டு பேரை முனைவர் பட்டத்துக்கு வழிநடத்தி முடித்திருக்க வேண்டும். அங்கீகரித்த இதழ்களில் எட்டு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். 15 வருட அனுபவம் வேண்டும், அதில் குறைந்தது மூன்று வருடம் பேராசிரியர் நிலையில் இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலை அனுபவமும் அந்த 15 வருடத்தில் சேரும் என்பது மட்டும்தான் உங்களுக்குச் சாதகம்.

கலை அறிவியல் கல்லூரி என்றாலும் கதை பெரிதாக மாறாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளின்படி முனைவர் பட்டம், பேராசிரியர் அல்லது இணைப் பேராசிரியர் நிலை, 15 வருடக் கல்விப்பணி அனுபவம், பத்து ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 110 என்று பட்டியல் நீளும். பதவிக்காலமும் ஐந்து வருடம்தான். மறு மதிப்பீடு செய்த பிறகு இன்னொரு ஐந்து வருடம் கொடுக்கலாம்.

நீங்கள் பி.இ. மட்டும் முடித்தவர். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேரவே எம்.இ. தேவை. இறையியலில் பி.டி. (இளநிலை இறையியல் பட்டம்) வாங்கினாலும் அது இந்த இடைவெளியை நிரப்பாது. 'ரெவரென்ட்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது ஏஐசிடிஇ படிவத்தில் எந்தக் கட்டத்தையும் நிரப்பாது.

அந்தப் பெரியவர் சொன்ன ஐந்து வருடக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இன்றே உங்களைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு வருடம் கள அனுபவம், நான்கு வருடம் பி.டி. படிப்பு. ஐந்து வருடம் அங்கேயே முடிந்துவிட்டது. அப்போது நீங்கள் ஏதோ ஒரு சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) உதவி குருவாகப் புதிதாகப் போய் நிற்பீர்கள். முதல்வர் அறையில் இருக்க மாட்டீர்கள்.

சிறுபான்மை உரிமை எதுவரை?

அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை கொடுக்கிறது. அது பெரிய உரிமை, நீதிமன்றங்களும் அதைப் பலமுறை காத்திருக்கின்றன. மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், பணிமூப்பைப் பார்க்காமல் தனக்கு நம்பிக்கையான ஒருவரை நிர்வாகம் முதல்வராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் தேர்ந்தெடுக்கப்படுபவர் உரிய தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். தகுதியுள்ள பத்துப் பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், தகுதியில்லாத பதினோராவது ஆளை எடுக்க முடியாது. 2002-ல் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு டி.எம்.ஏ. பாய் வழக்கிலும், கல்வித்தரத்துக்காக அரசு தகுதிகளை நிர்ணயிப்பதை ஏற்றுக்கொண்டது. 'சிறுபான்மைக் கல்லூரி, விதி கட்டாது' என்ற பேச்சை நம்பிப் பதவியேற்று, பிறகு நியமன ஒப்புதல் கிடைக்காமல் தவித்தவர்களை நீதிமன்ற வராண்டாவில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தலைவராக இருக்கக் குருவாக இருக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1862-ல் வந்த வில்லியம் மில்லர் மிஷனெரி குருவானவர். ஆனால் 1962-ல் அதன் முதல் இந்திய முதல்வரான சந்திரன் தேவநேசன் வரலாற்றாசிரியர், குருப்பட்டம் பெறாதவர். அந்தக் கல்லூரியின் வரலாற்றில் இருவருக்குமே பெரிய இடம் உண்டு.

குருவானவர்கள் கல்லூரிகளில் பொறுப்பு வகிப்பதே இல்லையா என்றால், உண்டு. தாளாளர் (நிர்வாகத்தின் சார்பில் கையெழுத்திடுபவர்), செயலர், நிதியர், கல்லூரிச் சாப்ளின் (கல்லூரியின் ஆன்மிகப் பணிக்கான குரு), விடுதிக் காப்பாளர் போன்ற பொறுப்புகள் அவை. முதல்வருக்குக் கேட்கும் முனைவர் பட்டத்தை இவற்றுக்குக் கேட்பதில்லை. அந்தப் பெரியவர் மனதில் தாளாளர் பதவிதான் இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கு யாரும் ஐந்து வருடம் முன்பே வாக்குக் கொடுக்க முடியாது. நிர்வாகக் குழு மாறும், தேர்தல் வரும், மாறுதல் வரும்.

தாளாளர் வேலையைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குருவானவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் துணிப்பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பி.எஃப். அலுவலக நோட்டீஸ்கள் பதினொன்று. அவர் ஒன்றரை வருடம் ஒரு கல்லூரியில் தாளாளராக இருந்தபோது, ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்த பணம் உரிய கணக்கில் கட்டப்படவில்லை. அவர் ஒரு ரூபாய்கூடத் தொட்டதில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் காசோலையிலும் படிவத்திலும் கையெழுத்து அவருடையது. கிராமத்துச் சேகரத்துக்கு மாறுதலாகிப் போன பிறகும் நோட்டீஸ் அங்கே தேடி வந்தது. "எனக்குக் கணக்கு தெரியாது அம்மா, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்" என்றார். பொறியாளராகிய நீங்கள் ஒரு வரைபடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டீர்கள். அங்கே போனாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பத்து லட்சம்

இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கொடுக்காதீர்கள்.

சபைக்கும் கல்லூரிக்கும் மனமுவந்து காணிக்கை கொடுப்பது உங்கள் விருப்பம். ஒரு பதவி கிடைக்கும் என்பதற்காகக் கொடுப்பது காணிக்கை அல்ல. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு, பொதுநலக் கொள்கைக்கு விரோதமான நோக்கம் கொண்ட உடன்பாடு செல்லாது என்கிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பேசுவதை அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. அது அரசுப் பணியைப் பற்றியது என்றாலும், உங்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தூக்கிக் காட்டப்போவது அதைத்தான். பதவி வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வழக்கில் நீங்களும் தவறான உடன்பாட்டில் பங்காளிதான். நீதிமன்றம் உதவ வருவது கடினம். ரசீதில் 'கட்டட நிதி நன்கொடை' என்று போட்டிருந்தால் இன்னும் கடினம்.

அப்பா 30 வருடம் உபதேசியாராக இருந்து, சேகரத்துப் பணத்தில் ஒரு பைசா பாக்கி வைக்காமல் கணக்கு ஒப்படைத்தார் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வழியில் போவதற்கான முதல் படி இந்தப் பத்து லட்சமாக இருப்பதை உங்களால் ஏற்றுக்கொள்ள முடியுமா?

குருவாக விரும்பினால்

அந்த வழி உங்களுக்கு மூடியிருக்கவில்லை. ஆனால் வயதைக் கவனியுங்கள். பல திருமண்டலங்களில் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைப் பகுதிகள்) குருப்பயிற்சிக்கு எடுப்பவர்களுக்கு வயது வரம்பு உண்டு, இடத்துக்கு இடம் அது மாறும். உங்கள் திருமண்டல அலுவலகத்தில் நடப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேகரத்தின் பரிந்துரை, ஒரு குருவானவரின் கீழ் கள அனுபவம், தேர்வுக்குழு நேர்காணல், அப்புறம் இறையியல் கல்லூரி என்று படிப்படியாகப் போகும். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவற்றில் செராம்பூர் செனட்டின் (இறையியல் பட்டங்கள் வழங்கும் அமைப்பு) பி.டி. பட்டம் படிக்கலாம். பட்டதாரிகளுக்கு நான்கு வருடம். ஆக, குருவாகும்போது உங்களுக்கு 45 நெருங்கிவிடும். மகள் அப்போது கல்லூரியில் இருப்பாள்.

'மூன்றே மாதத்தில் அபிஷேகம், கூடவே கௌரவ டாக்டர் பட்டம்' என்று வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த டாக்டர் பட்டம் எந்தக் கல்லூரிப் பதவிக்கும் செல்லாது. மேலும், 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, யார் நடத்திய திருமணம் செல்லும் என்பதற்கு வரையறை இருக்கிறது. சுயாதீன சபைப் போதகர்கள் (எந்தத் திருமண்டலத்தையும் சேராதவர்கள்) பலருக்கு அரசு உரிமம் தேவை. அது இல்லாமல் நீங்கள் திருமணம் நடத்தி வைத்தால், சிக்கலில் மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, அந்தப் பையனும் பெண்ணும்கூட.

உங்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இடையில் இருக்கும் வழிகளை. தென்னிந்தியத் திருச்சபையில் கௌரவ குருவானவர்கள் உண்டு. சொந்த வேலையில் இருந்துகொண்டே குருத்துவப் பணி செய்பவர்கள். கல்லூரி ஆசிரியர்களில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். செராம்பூர் செனட், வேலையில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே படிக்கிற மாதிரி கிறிஸ்தவ இயலில் டிப்ளமோவும் இளநிலைப் பட்டமும் நடத்துகிறது. இரண்டு வருடம் அதைப் படித்துப் பாருங்கள். வேதாகமப் பாடங்களும் சபை வரலாறும் இரவு பதினோரு மணிக்கு உங்களை விழிக்க வைக்கிறதா, தூங்க வைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா 1909-ல்தான் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 35 ஒட்டி. அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேலாக ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் உருவானபோது அதில் முன்நின்றவர், அப்போதும் குரு அல்ல. 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். உங்கள் தாமதத்தைப் பற்றி நீங்கள் இவ்வளவு வருந்துவதால் இதைச் சொல்கிறேன். குருவாகாமல் செய்த அந்த வருடங்களும் அவருடைய ஊழியமே.

கல்லூரிதான் உண்மையில் உங்களை இழுக்கிறது என்றால் அதற்கும் நேர்வழி உண்டு. பகுதிநேர எம்.இ., பிறகு ஆசிரியப் பணி, பகுதிநேர முனைவர் ஆய்வு. முதல்வர் அறைக்குப் போக ஐம்பதைத் தாண்டும், போகாமலேயும் இருக்கலாம். ஆனால் வகுப்பறைக்கு நான்கைந்து வருடத்தில் போய்விடலாம். வீட்டைவிட்டு ஓடிய அந்தப் பையனைத் தேடிப்போன மனிதருக்கு, முதல்வர் அறையைவிட முதலாமாண்டு மாணவர் விடுதி பொருத்தமான இடம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பணத்தைப் பற்றி, சுருக்கமாக

15 வருடப் பணிக்கு உங்களுக்குப் பணிக்கொடை உண்டு. கணக்கில் எடுக்கும் மாத ஊதியம் 60,000 ரூபாய் என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, மறுபடி 15 வருடத்தால் பெருக்கினால் 5,19,000 ரூபாய் சுமார் வரும். உங்கள் உண்மையான ஊதியத்தைப் போட்டு நீங்களே பாருங்கள். பென்ஷன் திட்டத்தில் பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் மாதப் பென்ஷன் கிடைக்கும். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். தொகை சிறியதாகவே இருக்கும், அதை நம்பிக் குடும்பம் ஓடாது.

வீட்டுக்கடனில் மனைவி இணைக் கடனாளி. நீங்கள் கட்டாவிட்டால் வங்கி முழுத்தொகையையும் அவரிடமே கேட்கலாம், பாதியை மட்டும் அல்ல. நிறுவனத்தின் கூட்டு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். வெளியேறும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றிக் கேளுங்கள். சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடாமல் இருக்க அது உதவும். குருவானவர் சம்பளத்துக்கு வரி இல்லை என்று யாரோ சொன்னதும் தவறு. உதவிபெறும் நிறுவனங்களில் வேலை பார்க்கும் குருக்கள், கன்னியாஸ்திரீகள் சம்பளத்திலும் வரி பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

கடைசியாக, உங்கள் மனைவி. "தேர்வான பிறகு சொன்னால் கடவுள் சித்தம் என்று ஏற்றுக்கொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ குடும்ப வழக்குகளில் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன். அவர் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் இத்தனை காலமாக மறைத்ததை ஏற்றுக்கொள்வாரா? நீங்கள் குருவானால் சில வருடங்களுக்கு ஒருமுறை குருமனை (குருவுக்குச் சபை தரும் வீடு) மாறும். அவருடைய உதவிபெறும் பள்ளிப் பணியிடம் உங்கள் பின்னால் நகர்ந்து வராது. ஒன்று அவர் வேலையை விட வேண்டும், இல்லை இருவரும் இரண்டு ஊரில் இருக்க வேண்டும். இது அவருடைய வாழ்க்கை முடிவும்கூட. பல இடங்களில் தேர்வுக்குழு மனைவியையும் அழைத்துப் பேசும். அங்கே உட்கார்ந்து முதல்முறையாக அவர் இதைக் கேள்விப்படும்படி விட்டுவிடாதீர்கள்.

கல்லூரிப் பேச்சை அவரிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். முதலில், எனக்கு எழுதிய அந்த ஐந்து பக்கத்தையும் படிக்கக் கொடுங்கள். பேச்சில் வராதது எழுத்தில் உங்களுக்கு நன்றாக வருகிறது.

ராஜினாமா கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், 'சொந்தக் காரணங்களுக்காக' என்பதே போதும். அதற்கு முன் நிறுவனத்தில் சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள், கள அனுபவ வருடத்துக்கு அது பயன்படலாம். கடிதம் இப்போதைக்கு இழுப்பறையிலேயே இருக்கட்டும். உங்கள் மனைவியும் அந்த ஐந்து பக்கத்தைப் படித்துச் சம்மதித்த பிறகு தேதி போட்டுக்கொள்ளலாம்.